நீல வயரைப் பிடுங்கியவர்

"முடியாதுங்க" என்று கடைக்கார அக்கா சொல்லும்போது அந்த 'ங்க'வில் ஒரு கும்பிடும் ஒரு பூட்டும் சேர்ந்தே இருக்கும். கேட்டவனுக்குக் கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியாது. கடைப் படியில் அப்படியே நிற்பான். நான் பலமுறை நின்றிருக்கிறேன். ஏற்காட்டுக் குளிரில் நிற்பது என் போன்றவனுக்கு நல்லதல்ல. என் தலையில் குளிரை மறிக்க மயிர் என்று ஒன்றும் கிடையாது. அதனால் எப்போதும் ஒரு குரங்குக் குல்லா. குல்லா போட்டால் குளிரும் தெரியாது, வழுக்கையும் தெரியாது என்பது என் கணக்கு. ஊருக்கு இரண்டுமே தெரியும் என்பது வேறு விஷயம்.

கடைப் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் சேவை என்று மூன்று நிறத்தில் எழுதியிருக்கும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சாக்குக்கடை என்றுதான் பேர். அக்காவின் அத்தா, அதாவது அப்பா, சேலத்திலிருந்து மலையேறி வந்து, எஸ்டேட்டுகளுக்குக் கோணிச் சாக்கு விற்றவர். கிழிந்த சாக்கை ஒட்டுப் போட்டுத் தைத்தும் கொடுப்பார். பிளாஸ்டிக் சாக்கு வந்தது, கோணி போனது. மகள் அதே கடையில் கம்ப்யூட்டரை வைத்தார். அத்தாவின் கோணி ஊசி ஒன்றை மட்டும் விடவில்லை. அது கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் துண்டில் குத்தி நிற்கும். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பதற்கு, போனில் சிம் தட்டைத் திறப்பதற்கு, அளவுக்கு மேல் வாய் பேசுகிறவனைச் சுட்டிக்காட்டுவதற்கு. கடைசி வேலைக்கு அது பெரும்பாலும் என் பக்கம்தான் நீளும்.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தலையில் முக்காடு, மூக்கில் இறங்கிய கண்ணாடி. நான் அப்போது காபி எஸ்டேட் ஒன்றில் ரைட்டர். ஆட்களுக்கு வருகை போடுவது, மூட்டை எடை பார்ப்பது, மேனேஜர் சிரிக்கும்போது சிரிப்பது ஆகியவை என் பணிகள்.

ஒருநாள் தலைமை ஆபீஸிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு பைல் வந்தது. பல பைல்களை அமுக்கி ஒரே கட்டாகக் கட்டிய பைல். எங்கள் கம்ப்யூட்டருக்கு ஜிப் என்கிற கட்டை மட்டும்தான் அவிழ்க்கத் தெரியும். வந்தது ரார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான், ஆனால் ஒருவனுடைய சட்டை இன்னொருவனுக்குச் சேராது. பெண்டிரைவில் போட்டுக்கொண்டு சாக்குக்கடைக்குப் போனேன்.

"மூட்டை யாருதுங்க?" என்றார்.

"பைலுங்களா? எஸ்டேட்டுதுங்க்கா."

"எஸ்டேட்டுன்னு ஒரு ஆள் இருக்காரா? பிரிக்கறப்ப முன்னாடி நிக்கோணும். யாரு பேருக்கு வந்துச்சு?"

"மேனேஜருக்கு."

"அப்ப மேனேஜரைக் கூட்டியாங்க."

"இத்தனூண்டு பைலுக்காக்கா?"

"இந்த ஊசியும் இத்தனூண்டுதானுங்க, ரைட்டரே."

இந்த வழக்கம் எனக்குப் புதிதல்ல. எங்கள் மலையில் பழம் பறிக்கிற பெண்கள் சாக்கு வாயைக் கட்டி, அடையாளத்துக்குப் புடவைக் கிழிசல் ஒன்றை முடிந்துவிடுவார்கள். எடை போடும் களத்தில் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் கட்டியவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தால் தராசு காத்திருக்கும். ஒருமுறை நான் அவசரத்தில் ஆள் இல்லாமல் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு, ஒரு வாரம் களத்தில் யாரும் என்னோடு பேசாமல் கிடந்தேன். ஆக முறை எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவார்கள் என்று யார் கண்டது?

மேனேஜர் ஜீப்பில் வந்தார், வேடிக்கை பார்க்கிற முகத்தோடு. அக்கா முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து நீல வயரைப் பிடுங்கி மேசைமேல் போட்டார். அதுதான் நெட் வருகிற வயர். அடுத்தவர் மூட்டை திறந்திருக்கும் நேரத்தில் வெளிக்கதவு சாத்தியிருக்க வேண்டுமாம். பிறகு தன் கம்ப்யூட்டரில் இருந்த ஏதோ மென்பொருளால் கட்டை அவிழ்த்தார். உள்ளே எத்தனை என்று எண்ணினார். ஒவ்வொன்றின் பேரையும் சத்தமாகப் படித்தார், மேனேஜர் தலையாட்டினார். நான்காவது பேரில் அக்காவின் குரல் நின்றது. திரையை மேனேஜர் பக்கம் மட்டும் திருப்பி, "இது உங்க சொந்தப் பைலுங்க. தவறிப்போய் சேந்து வந்திருக்குது. தனியா எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டார். மேனேஜர் முகம் பழுத்த காபிப் பழம்.

அது அவருடைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் மட்டும் பிரித்திருந்தால், சாயங்காலத்துக்குள் மேனேஜரின் மூலநோய் எஸ்டேட் முழுக்கத் தெரிந்திருக்கும். நான் அப்படிப்பட்ட ஆள். இதோ, இப்போதும் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஜிப்பாகக் கட்டி, அதை மறுபடி பிரித்து, மறுபடி எண்ணி, கையில் கொடுத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் இருந்ததை எங்கள் கண் முன்னாலேயே அழித்தார். அதற்கப்புறம்தான் நீல வயர் திரும்பப் போனது.

ஆட்களிடம் சிரித்துப் பேசத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் "வா கண்ணு, என்ன வேணும் சாமி" என்று முகம் மலர்ந்துவிடும். ஆனால் மூட்டை என்று வந்துவிட்டால் சொந்தமும் கிடையாது, சிநேகமும் கிடையாது. அண்ணனின் பிறப்புச் சான்றிதழைத் தம்பி கேட்டு வந்தால் அண்ணனைக் கூப்பிடச் சொல்வார். "ஒரு வயித்துல பொறந்தோங்க்கா" என்று தம்பி கெஞ்சுவான். "முடியாதுங்க. வயிறு ஒண்ணு, சாக்கு ரெண்டு."

நான் அவருக்கு நவீன உலகத்தைக் கற்றுக்கொடுக்கப் பிரியப்பட்டேன். இதற்கென்றே வெப்சைட்டுகள் இருக்கின்றன, ராரை இந்தப் பக்கம் போட்டால் ஜிப்பாக அந்தப் பக்கம் வரும், ஒரு நிமிஷ வேலை, காசு கிடையாது என்று விளக்கினேன்.

"அந்த ஊட்டுக்காரரு பேரென்னங்க?"

"எந்த ஊடுங்க்கா?"

"நீங்க மூட்டையை எறக்கி வெக்கற ஊடு."

"அது கம்பெனிங்க. எங்கியோ வெளிநாட்டுல இருக்கும்."

"நாம திரும்பி வந்ததுக்கப்புறம் மூட்டையை என்ன பண்றாங்க?"

"ஒரு நாள்ல அழிச்சிருவோம்னு போட்டிருக்காங்க."

"முன்னாடி நின்னு பாத்தீங்களா?"

நான் குல்லாவைச் சரிசெய்துகொண்டேன்.

"நானும் அதுல போடுவேனுங்க," என்றார். "பள்ளிக்கூடத்துப் புள்ளைக யானைப் படம், மயில் படம் கொண்டாந்தா போடுவேன். யானை கோவிச்சுக்காது. மனுசன் பேரு இருக்கற காயிதத்தைப் போட மாட்டேன்."

செம்மநத்தத்துச் சமாச்சாரம் வந்தது அந்த வருஷம்தான்.

செம்மநத்தம் என்கிற மலைக் கிராமத்தில் சின்னத்தம்பி என்று எனக்கொரு சிநேகிதன். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, வீட்டு முன்னால் கேழ்வரகு. அவனும் அந்தப் பக்கத்துக் குடும்பங்களும் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூட்டை கொண்டுவர ஒரு நடைபாதை உண்டு. பாட்டன் காலத்துப் பாதை, பட்டாவில் கிடையாது. பாதையின் நடுப்பகுதியை ஒட்டிய நிலத்தை ஒரு ரிசார்ட்காரர் வாங்கினார். வாங்கியவர் பாதையின் குறுக்கே இரும்புக் கேட் போட்டார். கேட் இப்போதைக்குத் திறந்துதான் இருந்தது, ஆனால் பூட்டுவதற்கு அனுமதி கேட்டு மனுப் போட்டுவிட்டார். பூட்டினால் தலைச்சுமையோடு அரை நாள் சுற்று. மூட்டையாவது பரவாயில்லை, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வலி எடுத்தால் தொட்டில் கட்டித் தூக்கி வருவதும் அதே பாதையில்தான். ஆட்சேபம் இருப்பவர்கள் குறிப்பிட்ட வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் மனுவும் ஆதாரமும் ஏற்ற வேண்டும் என்று ஒரு ஆபீஸ் அறிவித்தது. எந்த ஆபீஸ் என்று நான் சொல்ல மாட்டேன்.

விஷயம் தெரிந்த ரிசார்ட் ஆள் ஒருவர் சாக்குக்கடைக்கு வந்தார். நான் அப்போது ஆதார் நகல் எடுக்க நின்றிருந்தேன். நல்ல செண்ட் வாசனை.

"செம்மநத்தத்துக்காரங்க உங்ககிட்டத்தான் பேப்பர் போடுவாங்கன்னு சொன்னாங்க மேடம். என்ன எழுதறாங்கன்னு ஒரு காப்பி கிடைச்சா எங்களுக்கும் பதில் சொல்லத் தோதா இருக்கும். சும்மா இல்ல."

"முடியாதுங்க."

"யாருக்கும் தெரியாது மேடம்."

"எனக்குத் தெரியுமேங்க," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "ரைட்டரே, அந்தக் கதவை நல்லாத் தொறந்து விடுங்க. இந்த வாசனைக்கு மிசினு தும்மும்."

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

சின்னத்தம்பி ஆட்கள் சேலத்திலிருந்து ஒரு தனியார் சர்வேயரைக் கூட்டிவந்து பாதை முழுக்க நடத்திக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேலை இல்லை, நானும் கூட நடந்தேன். அவர் முப்பத்தெட்டுப் படம் எடுத்தார். ஒவ்வொரு வளைவுக்கும் பாறைக்கும் மரத்துக்கும் அந்த மக்கள் சொன்ன பேரையே படத்துக்குப் பேராக வைத்தார், தமிழில். மனுவிலும் 'பாதையின் விவரம் படங்களின் பெயரிலேயே உள்ளது' என்று எழுதிவிட்டார். எல்லாவற்றையும் ராராகக் கட்டி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, பெண்டிரைவில் கொடுத்துவிட்டு, மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போய்விட்டார். போன் அணைந்துவிட்டது.

ஆபீஸின் இணையப் பக்கமோ ஜிப் மட்டும்தான் வாங்கும்.

"சாக்குக்கடைக்குப் போனா பாதையில நடக்கறவங்க எல்லாரும் வரோணும்னு அக்கா சொல்லுது," என்றான் சின்னத்தம்பி. "மொளகு பறிக்கற சமயம். பொம்பளைக ஒரு நாள் கூலி போயிருமேன்னு பாக்கறாங்க."

"நான் எதுக்குடா இருக்கேன்?" என்றேன்.

உலகத்தில் பெரிய நாசங்களுக்கெல்லாம் முன்னால் எவனாவது ஒருவன் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

வியாழக்கிழமை காலை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் போனிலேயே வேலையை முடித்தேன். பெண்டிரைவிலிருந்து போனுக்கு. போனிலிருந்து வெப்சைட்டுக்கு. வெப்சைட் பாஸ்வேர்டு கேட்டது, சர்வேயர் சின்னத்தம்பியிடம் சொல்லிவைத்ததை அடித்தேன். ஒரு சக்கரம் சுற்றியது. ஜிப் வந்தது. ஆபீஸ் பக்கத்தில் ஏற்றினேன். ரசீது எண் வந்தது. பத்தரை மணிக்குள் எல்லாம் சுபம். போனில் இடம் நெருக்கடியாக இருந்ததால் பழைய ராரை அழித்தேன். பெண்டிரைவையும் துடைத்து, எஸ்டேட் ஜீப்பில் கேட்க இருபது பாட்டு ஏற்றிக்கொண்டேன். புது மூட்டை வந்தபிறகு பழைய சாக்கு எதற்கு?

ரசீதைப் பிரிண்ட் எடுக்க சாக்குக்கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. மறைக்கவில்லை, பெருமையாகவே போனேன். சின்னத்தம்பியும் கூட வந்தான்.

அக்கா ரசீதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மூட்டையைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தா என்னங்க்கா, அதேதானே இருக்கும்."

"பூட்டுப் போட்ட மூட்டைன்னு சின்னத்தம்பி சொல்லுச்சே. அந்த வெப்சைட்டு எப்படிப் பிரிச்சுச்சு?"

"பாஸ்வேர்டு கேட்டுச்சுங்க. குடுத்தேன்."

கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை நிறுத்தினார்.

"மூட்டையும் குடுத்து, சாவியும் குடுத்து, ஊடு எங்கிருக்குன்னும் தெரியாம வந்திருக்கீங்க." கோபமே இல்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருக்கலாம். "அந்த ஆளு நல்லவராவும் இருக்கலாம். அது அவரு பாடு. சின்னத்தம்பி, நீ இருக்கியல்ல? வா சாமி, முன்னால நில்லு."

நீல வயர் வெளியே வந்தது. என் போனிலிருந்த ஜிப்பைப் பிரித்தார். எண்ணினார். மனு ஒன்று, படம் முப்பத்தெட்டு. அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் பேர்களைப் படிக்கப் போனார். படிக்க ஒன்றும் இல்லை. பேர் இருந்த இடமெல்லாம் கட்டம், கேள்விக்குறி, கொம்பு முளைத்த ஏதேதோ எழுத்து. அந்த வெப்சைட்டுக்குத் தமிழ் தெரியவில்லை. தெரியாததை மென்று துப்பியிருந்தது. படங்களின் வரிசையும் கலைந்து கிடந்தது. பேர் இல்லாமல் பார்த்தால் முப்பத்தெட்டும் ஒரே மாதிரி. பச்சை, பாறை, பச்சை, மரம்.

"பழைய மூட்டை?" என்றார் அக்கா.

நான் சொன்னேன். பாட்டு ஏற்றியதையும் சொன்னேன்.

சின்னத்தம்பி என்னைத் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "அப்ப மனுவுல ஒண்ணுமே இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டான். அதைவிட அவன் என் குல்லாவைக் கழற்றி எறிந்திருக்கலாம்.

சரி, சரியான மூட்டையை மறுபடி ஏற்றிவிடலாம் என்று என் போனில் ஆபீஸ் பக்கத்தைத் திறந்தால், 'உங்கள் ஆட்சேபம் ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. ஒரு மனுவுக்கு ஒரு தடவைதான். நான் அந்தக் கதவையும் சாத்திவிட்டு வந்திருந்தேன்.

"முடிஞ்சுதுங்களா?" என்றான் சின்னத்தம்பி.

"முடியாதுங்க," என்றார் அக்கா. அந்தச் சொல்லை அப்படி ஒரு இடத்தில் அவர் போட்டு அன்றுதான் கேட்டேன். "மொதல்ல மூட்டையைக் கட்டுவோம். கதவை அப்புறம் பாக்கலாம். உங்கூருல அந்தப் பாதையில தெனமும் நடக்கறவங்களைக் கூட்டியா. கூலி போனாப் போகுதுன்னு சொல்லு. இன்னைக்கு வல்லீன்னா பாதை போயிரும்."

மதியம் மினிபஸ்ஸில் ஆறு பெண்கள் வந்து இறங்கினார்கள். கையெல்லாம் மிளகு வாசனை. முன்னால் மாதம்மா. செம்மநத்தத்தில் அந்தப் பாதையில் அதிகம் சுமை தூக்கியவள். கடையில் இடம் போதாமல் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அக்கா திரையைத் திருப்பி, ஒரு படத்தைப் பெரிதாக்கினார்.

"இது எது?"

"ஈரப்பாறை!" நான்கு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"இது?"

"வாத்தியார் பலா. அதுக்கப்புறம் சுமை எறக்கற கல்லு வரோணுமே."

"அது இங்க இருக்குது பாருங்க்கா. கீழ் மூலையில," என்றாள் இன்னொருத்தி.

நான் ஆயிரம் தரம் பார்த்திருந்தாலும் ஒரே பச்சையாகத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு ஒவ்வொன்றும் முகம். ஒரு வளைவுக்கு மட்டும் சண்டை வந்தது. கொண்டை ஊசி வளைவு என்றாள் ஒருத்தி. "அது இல்லடி, அதுக்கு முந்தின வளைவு. ஓரத்துல சில்வர் ஓக்கு மரம் ரெண்டு நிக்கும், கண்ணைத் தொடைச்சுட்டுப் பாரு," என்றாள் மாதம்மா. அக்கா படத்தை இன்னும் பெரிதாக்கினார். ஓரத்தில் இரண்டு சில்வர் ஓக் நின்றன. சொல்லச் சொல்ல அக்கா தட்டினார். முன்னால் ஒன்று, இரண்டு என்று நம்பர், பின்னால் பேர். யார் சொன்ன வார்த்தையையும் திருத்தவில்லை. 'மாதம்மா விழுந்த வளைவு' என்று ஒருத்தி சொன்னபோது மாதம்மா முறைத்தாள். ஆனால் விழுந்தது உண்மை, அதனால் அதுவும் ஏறியது.

இருபத்து மூன்றாவது படம் வந்தபோது கடை சிரிப்பில் வெடித்தது.

அது பாதையோரத்து ஊற்று. அங்கே தண்ணீர் குடிப்பதற்காக ஒருவன் குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்திருக்கிறான். ஊற்று தெரியவில்லை. படத்தின் பாதிக்கு, காலை வெயிலில், அவனுடைய தலை மின்னுகிறது.

"ரைட்டர் வழுக்கை!" என்றாள் மாதம்மா.

"ஆமாங்க, ரைட்டர் வழுக்கைதான்!" மற்ற ஐந்து பேரும் வழிமொழிந்தார்கள். வாசலில் நின்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அக்கா, அது ஊத்துங்க. ஊத்துன்னு போடுங்க," என்றேன்.

"முடியாதுங்க. சொந்தக்காரங்க சொன்ன பேரு."

"தலைக்குச் சொந்தக்காரன் நானுங்க!"

"பாதைக்குச் சொந்தக்காரங்க அவங்க." தட்டிவிட்டார். இருபத்து மூன்று, ரைட்டர் வழுக்கை. காலையில் நான் செய்த வேலைக்கு இது தள்ளுபடி விலை.

மூட்டை கட்டி, பிரித்து, எண்ணி முடித்தபோது மணி நாலை நெருங்கிவிட்டது. கடையைச் சாத்திவிட்டு எல்லாரும் ஆபீஸுக்கு நடந்தோம். அங்கே அந்த நாற்காலியில் இருந்தவர் சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. ரசீது எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு தடவை சமர்ப்பிச்சா அவ்வளவுதாங்கம்மா. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க போகலாம்."

"முடியாதுங்க," என்றார் அக்கா.

"என்னது முடியாது?"

"போக முடியாதுங்க. மூட்டை வந்து சேந்துச்சுன்னு நம்பர் குடுத்திருக்கீங்க. சொந்தக்காரங்க இத்தனை பேரு நிக்கறாங்க. எங்க முன்னாடி பிரிச்சுக் காட்டுங்க சாமி."

அவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. பிரித்தார். திரை முழுக்கக் கட்டமும் கொம்பும். "இதென்னங்க பாஷை?" என்று சிரித்துவிட்டார்.

"உங்களுக்குப் படிக்க முடியுதுங்களா?"

"இல்லீங்க."

"அதை எழுதிக் குடுங்க. மூட்டை வந்துச்சு, பிரிச்சேன், படிக்க முடியலீன்னு. கையெழுத்து, சீலு."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்கம்மா."

"அப்பத் திருத்தறதுக்குத் திருப்பி அனுப்புங்க."

"அதுக்கு வழியே இல்லீங்க இதுல."

"இருக்குதுங்க. பக்கத்தைக் கீழ தள்ளுங்க. இன்னும். இன்னுங் கீழ. இத்தனூண்டு எழுத்துல இருக்கும்."

தள்ளிக்கொண்டே போனார். அடிமட்டத்தில், சாம்பல் நிறத்தில், வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தது: 'திருத்தத்திற்காகத் திருப்பி அனுப்பு.' அவர் முகம் சிவந்தது. "நான் வந்து ரெண்டு வாரந்தாங்க ஆகுது."

"அதனாலென்ன சாமி. என் கடையில போட்ட மனுவெல்லாம் எத்தனை தடவை திரும்பி வந்திருக்குது. எந்தச் சந்து வழியா வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

அமுக்கினார். மணி நாலு முப்பத்தைந்து.

சின்னத்தம்பியும் ஆறு பெண்களும் அங்கேயே நாற்காலியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நானும் அக்காவும் கடைக்கு ஓடினோம். ஓடினோம் என்பது மரியாதைக்கு. மேட்டில் அவர் நடந்தார், நான் மூச்சு வாங்கினேன். கடையைத் திறந்து, கம்ப்யூட்டர் உயிர் பெற்று, பைல் தயாராக நின்றபோதுதான் பார்த்தேன், நீல வயர் மேசைமேல் கிடந்தது. அதை அவர் யாரையும் தொட விட்டதில்லை. அன்று எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொருகுங்க. எங்க போகுதுன்னு தெரிஞ்சு சொருகுங்க."

சொருகினேன்.

ஏறியது. உடனே சின்னத்தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அந்தத் தம்பியை உங்க முன்னாடி படிக்கச் சொல்லு."

போனில் அந்தச் சின்ன வயசு ஆபீஸர் பேர் பேராகப் படித்தார். ஈரப்பாறை. வாத்தியார் பலா. சுமை இறக்குகிற கல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் "ஆமாங்க" என்று ஆறு குரல். இங்கே அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்து மூன்றாவதில் ஆபீஸர் தயங்கினார். "ரைட்டர்... ங்க, இது என்னது?" அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அக்கா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கோணி ஊசியைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

முப்பத்தெட்டு. மணி நாலு ஐம்பத்திரண்டு.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. பாதை பொதுப் பயன்பாட்டில் இருப்பது தெரிகிறது, கேட்டைப் பூட்டக் கூடாது என்று உத்தரவு. பாதையின் எல்லையைக் காட்ட முப்பத்தெட்டுப் பேரையும் அப்படியே வரிசையாக அச்சடித்திருந்தார்கள். அரசாங்க முத்திரைக்கு நாலு விரல்கடை மேலே நான் மின்னிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மலையில் ஒரு செண்ட் நிலம் கிடையாது. ஆனால் என் தலை எல்லைக்கல் ஆகிவிட்டது.

எஸ்டேட் கைமாறி நான் சேலத்துக்கு இறங்கும் முன் கடைசியாகச் சாக்குக்கடைக்குப் போனேன். பேரைத் திருத்த ஒரு மனுப் போடலாமா என்று கேட்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"போடலாமுங்களே," என்றார், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு. "சொந்தக்காரங்க எல்லாரும் வந்து நிக்கோணும். தலை ஒண்ணு மட்டும் வந்தாப் பத்தாது."

அதற்கப்புறம் அவரைப் பார்க்க வாய்க்கவில்லை. போன வாரம் பாதையோரம் நின்றிருந்த சின்னத்தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் கேட் துருப்பிடித்துத் திறந்தபடியே நிற்கிறதாம், யாரோ அதில் மிளகுக் கொடி ஏற்றிவிட்டார்களாம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மாதம்மாவின் குரல் கேட்டது. சுமையோடு பாதையில் வந்துகொண்டே, போனில் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"ரைட்டர் வழுக்கையைத் தாண்டிட்டேன். சோத்துக்கு ஒலை வெய்யி."